ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷினில் வாடை, கிளீனிங் பவுடர் போட்டும் போகவில்லை

கொடிக்கயிறு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின், வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வேளச்சேரி அபார்ட்மென்ட், போர்வெல் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். கொஞ்ச நாளாக மெஷின் கதவைத் திறந்தாலே ஈரச்சாக்கு வாடை அடிக்கிறது. துணி காய்ந்ததும் ஒன்றும் தெரிவதில்லை, மடித்து அலமாரியில் வைக்கும்போதுகூட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குளித்துவிட்டு அந்தத் துண்டால் தலையைத் துவட்டினால் போதும், அதே வாடை அப்படியே எழும்பி வருகிறது. பெண் "அம்மா இந்தத் துண்டு நாறுது" என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறாள்.

கடையில் விற்கும் டிரம் கிளீனிங் பவுடர் போட்டுப் பார்த்தேன். ரெண்டு மூன்று நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. சர்வீஸுக்கு வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, கதவு ரப்பர் கறுத்துப்போச்சு, மாற்றியே ஆகணும் என்றார், கையோடு வருடாந்திர கான்ட்ராக்டும் போடச் சொல்கிறார். வீட்டுக்காரரோ இதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு டாப் லோடு வாங்கிடலாம் என்று ஒரே பிடிவாதம்.

நாங்கள் போடுவது லிக்விட், கூடவே ஃபேப்ரிக் கண்டிஷனர். பெரும்பாலும் குவிக் வாஷ், பச்சைத்தண்ணீர்தான், கரன்ட் பில்லுக்குப் பயந்து. வினிகரும் ஆப்ப சோடாவும் சேர்த்து ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்று வீடியோ வீடியோவாக வருகிறது. அதைச் செய்யலாமா, இல்லை ரப்பரை மாற்றிவிடலாமா?


நட்டுபோல்ட்டு:

மேடம், ரப்பரை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கோயம்புத்தூரில் பல வருஷம் இந்த வேலைதான் பார்த்தேன். கறுப்புப் புள்ளி விழுந்த ரப்பர் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான், கிழிந்து தண்ணீர் ஒழுகினால்தான் மாற்ற வேண்டும். பூஞ்சை ரப்பருக்குள் இறங்கிவிட்டால் கறை போகாது, ஆனால் மேலே இருக்கிற வழவழப்பை எடுத்துவிட்டால் வாடை போய்விடும்.

முதலில் என்ன வாடை என்று மூக்கை வைத்துப் பாருங்கள், இதைக் கேட்காமல் யாரும் மருந்து சொல்லக் கூடாது. ஈர வாடை என்றால் மெஷினுக்குள் அழுக்கு படிந்திருக்கிறது. சாக்கடை வாடை என்றால் மெஷின் மேல் தப்பில்லை, டிரெயின் குழாயைப் பார்க்க வேண்டும். அழுகின முட்டை வாடை என்றால் தண்ணீரையே சந்தேகப்படுங்கள், குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும், சில போர்வெல்லில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், தொட்டி கழுவாமல் கிடந்தாலும் வரும். ரப்பர் கருகுகிற வாடை என்றால் யோசிக்கவே யோசிக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், பெல்ட்டோ மோட்டாரோ போகிறது.

நீங்கள் சொல்வது முதல் வகை மாதிரித்தான் இருக்கிறது. டிரம்மைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எப்போதும் பளபள என்றுதான் இருக்கும். அதற்கு வெளியே பிளாஸ்டிக் டப் ஒன்று இருக்கிறது, துணி துவைத்த தண்ணீர் நிற்பது அதில்தான். கழற்றிப் பார்த்தால் டிரம்மின் பின்பக்கமும் டப்பின் உள்பக்கமும் சாம்பல் நிறத்தில் பசை பசையாக அப்பிக்கொண்டிருக்கும், சோப்பும் கண்டிஷனரும் உடம்பு எண்ணெயும் சேர்ந்த கூட்டு அது. ஒருதடவை பவுடர் போட்டால் அதில் மேல் தோல் மட்டும் உரியும், மிச்சம் அப்படியே இருக்கும், அதனால்தான் ரெண்டு நாளில் திரும்ப வந்தது.

செய்ய வேண்டியது: பிளக்கைக் கழற்றி, குழாயை மூடுங்கள். முன்பக்கம் கீழே ஓரத்தில் சின்னக் கதவு இருக்கும், திறந்தால் உருண்டையாக ஒரு ஃபில்டர் மூடி, பல மாடலில் பக்கத்திலேயே மெல்லிய கறுப்பு டியூப். தட்டையான தட்டு ஒன்றைக் கீழே வைத்து முதலில் டியூப் வழியாகத் தண்ணீரை விட்டுவிட்டு, அப்புறம் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். டியூப் இல்லாத மாடல் என்றால் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், பழைய துணி நிறைய வைத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீரில் துவைத்த கையோடு திறக்காதீர்கள், கை வெந்துவிடும். நாலு வருஷமாகத் திறக்கவே இல்லை என்றால் அதிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அடுத்து கதவு ரப்பர். கீழ்ப்பக்க மடிப்பை விரலால் நன்றாகப் பிரித்துப் பாருங்கள், அடியில் ரெண்டு மூன்று சின்ன ஓட்டை இருக்கும், அந்த மடிப்பில் நிற்கிற தண்ணீர் வடிய வைத்தது. நூலும் முடியும் சேர்ந்து அதை அடைத்துவிடும், அப்புறம் அந்தத் தண்ணீர் அங்கேயே நின்று நாறும். பழைய டூத்பிரஷ்ஷால் குத்தி விடுங்கள்.

சோப்பு டிராயரையும் முழுசாக வெளியே எடுக்க வரும், நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். எடுத்த பிறகு அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்து மேல்பக்கத்தைப் பாருங்கள், டிராயரைக் கழுவுகிறவர்கள்கூட அந்த மேற்கூரையைத் தொடுவதில்லை. கறுப்பாக இருக்கும்.


வீட்டுவைத்தியம்:

சகோதரி இவ்வளவு தலைசுற்றல் எதற்கு, ஒரு கப் வினிகர், அரை கப் ஆப்ப சோடா, ரெண்டையும் டிரம்மில் போட்டு ஓட்டுங்கள். நுரை பொங்கும்போதே அழுக்கு கழன்று வரும். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான்.


பிப்பெட்:

பொங்குவதோடு சரி, வேலை நடக்காது. வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம், ரெண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், மிச்சம் இருப்பது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். தனித்தனியாகப் போட்டால் ஓரளவுக்காவது பயன் உண்டு, சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிட்டுப் போய்விடும். பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தச் சமன்பாட்டை எழுதுவார்கள்.

இது பரவாயில்லை, காசுதான் வீண். இன்னொரு வீடியோவில் வினிகரோடு பிளீச் ஊற்றுகிறார்கள், அதுதான் ஆபத்து. சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச்சோடு எந்த அமிலம் சேர்ந்தாலும், வினிகரோ எலுமிச்சையோ சிட்ரிக் ஆசிட்டோ பாத்ரூம் ஆசிட்டோ, குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. ஒன்றைப் போட்டு ஓட்டி, வெறும் தண்ணீரில் அலசி, வேறொரு நாளில் மற்றதைப் போடுங்கள்.

துண்டு நனைந்தால் மட்டும் வாடை வருவதற்குக் காரணம் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டது, துவைத்த துணியில் வரும் ஈர வாடையில் முக்கியமானது 4-மெத்தில்-3-ஹெக்சீனோயிக் அமிலம், அதை உண்டாக்குவது மொராக்செல்லா ஆஸ்லோயன்சிஸ் என்ற பாக்டீரியா. இந்தப் பாக்டீரியா ஈரமில்லாமல் காய்ந்து கிடப்பதையும் தாங்கும், புற ஊதாக் கதிரையும் நன்றாகவே தாங்கும். அதாவது மொட்டைமாடி வெயிலில் முறுமுறுவென்று காய்ந்தாலும் செத்துவிடாது, ஈரம் பட்டதும் திரும்ப வேலையை ஆரம்பித்துவிடும். வெயில் எல்லாவற்றையும் கொன்றுவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இந்த விஷயத்தில் பலிக்கவில்லை.

அதனால் மெஷினை மட்டும் சுத்தம் செய்தால் போதாது, துண்டிலிருந்து மெஷினுக்கும் மெஷினிலிருந்து துண்டுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். ரெண்டுக்கும் சூடு வேண்டும். பச்சைத்தண்ணீர் குவிக் வாஷில் எண்ணெய்ப் பசை கரைவதில்லை, கிருமியும் சாவதில்லை. கண்டிஷனர் என்பதே துணி மேல் மெல்லிய கொழுப்புப் பூச்சு பூசுகிற சமாச்சாரம், துண்டுக்கு அது தேவையே இல்லை, தண்ணீர் உறிஞ்சுவதையும் கெடுக்கும். அடுத்தது லிக்விட். பெரும்பாலான லிக்விடில் பிளீச் கிடையாது, திரவத்தில் அது நிலைத்து நிற்காது. நல்ல பவுடர் சிலவற்றில் சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் பிளீச் இருக்கும், எல்லாப் பவுடரிலும் இருக்காது, பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். இல்லையென்றால் தனியாகவும் விற்கிறார்கள், தண்ணீரில் கரைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவை சோடாவும் ஆகும், 40 டிகிரிக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும். பட்டு, கம்பளிக்கு மட்டும் வேண்டாம்.

கரன்ட் பில் பயம் வேண்டாம். மெஷின் ஹீட்டர் பெரும்பாலும் 2 கிலோவாட் அளவில் இருக்கும், தொடர்ந்து எரிவதில்லை, 60 டிகிரி காட்டன் ஓட்டம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். வாரம் ஒருதடவை துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடைகளை இப்படி ஓட்டினால் மாதம் நாலைந்து யூனிட், அவ்வளவுதான்.


நட்டுபோல்ட்டு:

சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். போர்வெல் தண்ணீர் என்றால் உப்பும் சேரும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து பிசின் மாதிரி ஒட்டும், அந்தப் பிசினைத்தான் பூஞ்சை பிடித்துக்கொள்கிறது. ஹீட்டர் மேலும் வெள்ளையாகப் படியும். சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள், 100 கிராம் டிரம்மில் போட்டு, துணி இல்லாமல் 60 டிகிரியில் ஓட்டுங்கள். உப்பு கரைந்த பிறகு வேறொரு நாள் 90 டிகிரியில் ஆக்சிஜன் பிளீச் போட்டு ஓட்டினால் பசை கழன்று வரும். கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள், தண்ணீர் பழுப்பாக மாறும், சாம்பல் கலரில் துணுக்குத் துணுக்காக மிதக்கும். அது வருகிற வரைக்கும் விட்டு விட்டுச் செய்யுங்கள்.

சிட்ரிக் ஆசிட்டை வாராவாரம் போடாதீர்கள். வினிகரும் அப்படித்தான். ரப்பரும் கெடும், டிரம்மைப் பின்னால் தாங்குகிற மூன்று கை உள்ள பாகம் பல மெஷினில் அலுமினியம், அது அரித்து உடைந்தால் ரப்பர் விலையெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். குளோரின் பிளீச்சும் அளவுக்கு மீறினால் அதே கதைதான், மேனுவலில் அனுமதி இருந்தால் மட்டும் எப்போதாவது ஒருதடவை.


மூணாவதுமாடி:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும், டாப் லோடு வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைக்கும் அண்ணனுக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் டாப் லோடுதான், அதுவும் நாறியது. கதவு ரப்பர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் ரெண்டு டப் இதிலும் உண்டு, அடியில் சுற்றுகிற பல்சேட்டரைக் கழற்றினால் கீழே என்னென்ன கிடக்கிறது என்று சொல்ல வாய் கூசுகிறது. நடுவில் ஒரு மூடி, அதைத் தூக்கினால் ஸ்குரூ, அதை எடுத்தால் பல்சேட்டர் கையோடு வரும், சிலது இறுகிப்போய் வராது, அப்போது முறுக்கக் கூடாது, உடைந்துவிடும். லிண்ட் ஃபில்டர் பையைத் துவைக்கிற ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், வலை கிழிந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள், விலை குறைவுதான்.

எங்கள் மாடலில் ஹீட்டர் கிடையாது, நம் ஊரில் விற்கிற டாப் லோடு நிறைய அப்படித்தான். கீசரிலிருந்து வாளி வாளியாகச் சுடுதண்ணீர் ஊற்றி, பெர்கார்பனேட் கலந்து, கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, பாஸ் பண்ணி ராத்திரி முழுக்க ஊற வைப்பேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் தாங்காது.


கொடிக்கயிறு:

எல்லோருக்கும் நன்றி, வீட்டுக்காரரிடம் மூணாவதுமாடி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டேன், எக்ஸ்சேஞ்ச் பேச்சு இப்போது இல்லை.

ஃபில்டரைத் திறந்தோம். ஐயோ. ஹேர்பின், ரெண்டு ரூபாய்க் காசு, சட்டை பட்டன், பெண்ணின் பொம்மைச் செருப்பு ஒன்று, எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு என் தலைமுடி, மேலே கறுப்பாக வழவழவென்று ஒரு பூச்சு. வந்த தண்ணீரைக் கொட்டப் போன இடமெல்லாம் நாறியது. ரப்பர் மடிப்பில் சொன்ன மாதிரியே ஓட்டை அடைத்திருந்தது, குத்திவிட்டதும் தேங்கின தண்ணீர் சளக்கென்று உள்ளே இறங்கிப் போனது. எலுமிச்சை உப்பும் ஓட்டியாயிற்று, நாலு நாள் கழித்து 90 டிகிரியும் ஓட்டியாயிற்று, துணுக்கு துணுக்காக வருகிறது, இன்னும் வருகிறது.

ஈரச்சாக்கு வாடை பெருமளவுக்குப் போய்விட்டது. ஆனால் இப்போது வேறு ஒன்று தெரிகிறது, முன்னால் இதில் அது அமுங்கியிருந்தது போல. காலையில் முதல்தடவை கதவைத் திறக்கும்போது லேசாகச் சாக்கடை வாடை. ஒரு ஓட்டம் ஓடி முடிந்ததும் இல்லை. மெஷின் யுடிலிட்டி பால்கனியில் இருக்கிறது, டிரெயின் ஹோஸைச் சுவரில் உள்ள பைப்பில் செருகி, சுற்றிலும் டேப் ஒட்டியிருக்கிறார்கள்.


நட்டுபோல்ட்டு:

அந்த டேப்பைப் பிரியுங்கள். காற்றுப் போக வழியில்லாமல் ஹோஸை இறுக்கி அடைத்துவிட்டால், சாக்கடைப் பைப்பில் வருகிற காற்றுக்கு உங்கள் மெஷின்தான் வாசல். மெஷின் ஓடும்போது ஹோஸில் தண்ணீர் இருக்கும், வாடை ஏறாது. ராத்திரி சும்மா இருக்கும்போது ஏறி டிரம்முக்குள் உட்கார்ந்துகொள்ளும், காலையில் நீங்கள் திறக்கிறீர்கள்.

அதோடு கீழே டிராப் இருக்கிறதா என்று பிளம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கழிவுப் பைப்பிலும் வளைவு ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் நின்று வாடையைத் தடுக்க வேண்டும், நானி டிராப் என்று நம் ஊர் பிளம்பர்கள் சொல்வது அதைத்தான். சில அபார்ட்மென்ட்டில் யுடிலிட்டி பைப்பை டிராப்பே இல்லாமல் நேராக மெயின் லைனில் சேர்த்துவிடுகிறார்கள். டிராப் இருந்தும் ஊருக்குப் போய்விட்டு வந்தால் அதில் தண்ணீர் வற்றிவிடும், ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

ஹோஸ் முனை பைப்புக்குள் ஒரு சாண் போனால் போதும், ஆழமாக இறக்காதீர்கள், உள்ளே இருக்கிற அழுக்குத் தண்ணீரில் முனை முங்கக் கூடாது. உயரம் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது, மேனுவலில் உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். ஹோஸைத் தரையில் போட்டுவிட்டால் தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டே இருக்கும், மெஷினும் நிரப்பிக்கொண்டே இருக்கும், அது தனிக் கூத்து.


பழைய சலவை:

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, மெஷின் விஷயம் பிள்ளைகள்தான் பார்க்கிறார்கள், துண்டு பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மா. எங்கள் ஊரில் சலவைக்காரர் வெள்ளாவி வைப்பார், துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, அடுக்கி, கீழே பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, ராத்திரி முழுக்க அந்த ஆவியிலேயே வேகும். அந்த வேட்டியில் மழைக்காலத்தில்கூட வாடை வந்து நான் பார்த்ததில்லை. வேதியியல் ஆசிரியர் சொல்கிற சூடும் காரமும் அதுதானே.

உங்கள் வெள்ளைத் துண்டையெல்லாம் ஒரு அலுமினியம் இல்லாத பெரிய பாத்திரத்தில் சலவை சோடா கொஞ்சம் போட்டுக் கொதிக்க வைத்து எடுங்கள். கலர்த் துண்டைக் கொதிக்க வைத்தால் சாயம் போகும், அதைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் போதும்.


பிப்பெட்:

ஐயா சொல்வது சரியே. சலவை சோடா அலுமினியத்தை அரிக்கும், எவர்சில்வர் பாத்திரம் நல்லது. ஊறவைக்க பெர்கார்பனேட் இருந்தால் அதைப் போடலாம், 60 டிகிரி தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம், மூடியை இறுக்கமாக மூடாமல். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.


கொடிக்கயிறு:

டேப்பைப் பிரித்தாயிற்று, பிளம்பர் வந்து பார்த்தார், டிராப் இல்லவே இல்லை. ஒன்று வைத்துக் கொடுத்தார். காலை வாடை நின்றுவிட்டது. வெள்ளைத் துண்டுகளை ஐயா சொன்ன மாதிரி வேகவைத்து எடுத்தேன், துவட்டிப் பார்த்தாயிற்று, பெண்ணிடம் கொடுத்தும் பார்த்தாயிற்று, புகார் இல்லை. கலர்த் துண்டு ரெண்டு மட்டும் இன்னும் லேசாக அடிக்கிறது, இன்னொரு தடவை ஊறவைக்க வேண்டும். ரப்பரில் கறுப்புப் புள்ளி இருக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சந்தேகம். துவைத்த பிறகு கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள், ஆனால் எதிர் வீட்டுச் சின்னப் பையன் எந்நேரமும் எங்கள் பால்கனியில்தான் விளையாடுவான், திறந்து கிடந்தால் உள்ளே புகுந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.


நட்டுபோல்ட்டு:

பயப்பட வேண்டிய விஷயம்தான் மேடம், சின்னக் குழந்தை நடமாடும் இடத்தில் திறந்து போடவே போடாதீர்கள். துணியை எடுத்ததும் ரப்பர் மடிப்பையும் கண்ணாடியையும் பழைய பனியனால் துடைத்துவிடுங்கள், டிராயரை மட்டும் எப்போதும் திறந்து வையுங்கள், அதில் யாரும் நுழைய முடியாது. பையன் தூங்கப் போன பிறகு, பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டு, மெஷின் கதவை ராத்திரி திறந்து வைத்துக் காலையில் மூடிவிடுங்கள். மெஷினில் இருக்கிற சைல்டு லாக்கை நம்பாதீர்கள், பெரும்பாலான மாடலில் அது பட்டன்களை மட்டும்தான் பூட்டும், கதவை இல்லை.